கொழுப்பாக முதிர்ந்த கட்டி



கரீபியன் கடலோரத்தில், நீரில் மூழ்கிய அலையாத்தி வேர்களில் ஓர் உயிரி கொத்துக் கொத்தாக ஒட்டி வளர்கிறது. பார்க்கச் சின்னச் சின்னப் பைகள். தொட்டால் தண்ணீரைப் பீய்ச்சும். அதன் சாறு புற்றுநோய்ச் செல்களை ஒடுக்கும் என்பது 1960களின் இறுதியிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் ஒரு டன் உயிரியைச் சேகரித்தால் சுமார் ஒரு கிராம் மருந்துதான் தேறும். கட்டுபடியாகிற காரியமா? வேதியியலாளர் ஈ. ஜே. கோரி 1996இல் அதை ஆய்வகத்திலேயே உருவாக்கிக் காட்டினார். பிறகு, பாக்டீரியாவை வளர்த்து எடுக்கும் ஒரு பொருளிலிருந்து அதைத் தயாரிக்கும் வழியும் பிறந்தது. டிராபெக்டெடின் என்ற அந்த மருந்துக்கு ஐரோப்பாவில் 2007இல் அனுமதி கிடைத்தது.

அது உடலுக்குள் போய் என்ன செய்கிறது என்பதுதான் சுவாரசியம். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளில் அகலப் பள்ளம் ஒன்றும் குறுகிய பள்ளம் ஒன்றும் ஓடுகின்றன. டிராபெக்டெடின் குறுகிய பள்ளத்தில் நுழைந்து, குவானின் என்ற டி.என்.ஏ. எழுத்தைப் பற்றிக்கொண்டு, சுருளைச் சற்று வளைத்துவிடும். அந்த இடத்தில் மரபணுவை இயக்கும் சில புரதங்களால் முன்போல உட்கார முடிவதில்லை.

மிக்சாய்டு லைப்போசார்கோமா என்று ஓர் அரிய புற்றுநோய் உண்டு. கொழுப்புத் திசுவில் வருவது. பெரும்பாலும் 12ஆம், 16ஆம் குரோமோசோம்கள் முறிந்து இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் வருகிறது. இரண்டு மரபணுக்கள் ஒன்றாகி, ஒட்டுப் புரதம் ஒன்று உருவாகும். அது கொழுப்புச் செல்லை முதிர விடாது. முதிராத செல்கள் பெருகிக்கொண்டே போகும். டிராபெக்டெடின் கொடுத்த பிறகு இந்த ஒட்டுப் புரதம் டி.என்.ஏ.வில் தான் உட்கார்ந்திருந்த இடங்களிலிருந்து கழன்றுவிடுவதை இத்தாலிய ஆய்வாளர்கள் 2009இல் விளக்கினார்கள். தடை நீங்கியதும் செல்கள் கொழுப்புச் செல்களாக முதிரத் தொடங்கின! செல்லைக் கொல்லும் என்று நம்பிக் கொடுத்த மருந்து, பாதியில் நின்றுபோன வளர்ச்சியைத் தொடர வைத்திருக்கிறது.

இந்தப் பொருத்தத்தை யாரும் திட்டமிடவில்லை. வேண்டிய எழுத்து வரிசையைத் தேடிப் பிடிக்கும் மூலக்கூறை நாமே வடிவமைக்க முடியாதா? கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் பீட்டர் டெர்வன் பல ஆண்டுகள் இதில்தான் உழைத்தார். பைரோல், இமிடசோல் வளையங்களைக் கோத்து, எந்த வளைய ஜோடி எந்த எழுத்து ஜோடியை அறியும் என்று விதியே வகுத்தார். எலிகளில் வளர்த்த புராஸ்டேட் கட்டிகளை அத்தகைய மூலக்கூறு ஒன்று ஒடுக்கியது. மருந்துக்கடைக்குத்தான் எதுவும் வந்து சேரவில்லை.

டிராபெக்டெடின் வந்திருக்கிறது, ஆனால் லேசான மருந்தல்ல. பெரிய ரத்தக்குழாய் வழியாக, வழக்கமாக 24 மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை. ரத்த அணுக்கள் குறையும், கல்லீரல் பாதிக்கப்படலாம். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுத்தான் மருத்துவர் அடுத்த தவணைக்குத் தேதி கொடுப்பார்.