பேரேடும் தொலைபேசிப் பாட்டும்

ஜார்ஜ்டவுன் பினாங்கு வீதியில் ஒரு காலத்தில் செட்டியார்கள் வட்டிக்குக் கடன் கொடுத்த கிட்டங்கிகள் இருந்தன. கணக்கில் சந்தேகமா? பெட்டியடியில் இருப்பவரிடமே கேட்கலாம். பேரேட்டைத் திருப்பிக் காட்டுவார்.

இப்போது அப்படியில்லை. போன மாதம் என் வங்கி, ஓவர்டிராஃப்ட் வட்டியை இரண்டு தடவை பிடித்துவிட்டது. போன் போட்டேன். இருபது நிமிடம் பாட்டு. நல்ல பாட்டுதான், ஆனால் நடுவிலேயே லைன் அறுந்தது.

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால், வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அவர்கள் இறுதிப் பதில் சரியில்லையென்றால், ஆறு மாதத்துக்குள் எஃப்எம்ஓஎஸ் என்ற குறைதீர்ப்பு அமைப்பிடம் போகலாம். 2025 ஜனவரி 1 முதல் இயங்குகிறது. 250,000 ரிங்கிட் வரையிலான வங்கிப் புகார்களைப் பார்க்கும். புகார் கொடுப்பவருக்குக் கட்டணம் கிடையாது.

என் கடிதம் நேற்றுதான் போயிருக்கிறது. நகல் மேசை இழுப்பறையில்.