ஆலையும் சமுதாயமும்



ஜெர்மனி என்றதும் சென்னை மக்களின் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று, 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவில் நம் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள்மீது குண்டு வீசிய எம்டன் கப்பல். மற்றொன்று, 1959-ஆம் ஆண்டில் மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் தொடங்கப்பெற்று, அடையாற்றை அடுத்த கிண்டிக் காட்டில் வளர்ந்த இந்தியத் தொழில்நுட்பக் கழகம். அழிவும் ஆக்கமும் ஒரே நாட்டிலிருந்து வந்தன. அந்நாட்டுத் தொழில் நிறுவனங்களின் வரலாறும் இத்தகையதே. அதிலிருந்து நாம் கற்க வேண்டியது யாது என்பதை இன்று காண்போம்.

ஒரு காலத்தில் தென்னார்க்காடு, கடப்பை முதலிய மாவட்டங்களில் உழவர் அவுரி பயிரிட்டு நீலச் சாயம் எடுத்தனர். அச்சாயம் கடல் கடந்து சென்றது. 1897-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளுக்குள் அவுரி வாணிகம் நலிந்தது. அறிவியலின் அருமையான வெற்றி அது, ஐயமில்லை. ஆயினும், எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் பிறந்த பொருள், இங்கே ஏர் பிடித்தவனின் வாழ்வை அவனைக் கேளாமலே மாற்றிவிட்டது. நிறுவனங்கள் சமுதாயத்தை மாற்றும் ஆற்றல் உடையவை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அவ்வாற்றலுக்குப் பொறுப்பும் உண்டு என்று உணர்ந்தவர் அந்நாட்டிலேயே இருந்தார். யேனா நகரில் நுண்ணோக்கிகள் செய்துவந்த ட்சைஸ் தொழிற்சாலையின் பங்காளியான பேராசிரியர் எர்ன்ஸ்ட் ஆபே, 1889-ஆம் ஆண்டில் ஓர் அறநிலையத்தை நிறுவினார். பின்னர்த் தம் உடைமைப் பங்கையும் அதற்கே அளித்தார். தொழிலாளர்க்கு ஊதியத்துடன் விடுமுறையும் ஓய்வூதியமும் அங்கே விதியாயின. 1900-ஆம் ஆண்டில் எட்டு மணி நேர வேலை நாள் நடைமுறைக்கு வந்தது. மிக உயர்ந்த அலுவலரின் ஊதியம் தொழிலாளியின் சராசரி ஊதியத்தைப்போலப் பத்து மடங்குக்கு மேற்படலாகாது என்றும் வரையறுக்கப்பட்டது.

ஆனால், மனச்சான்று எல்லாரிடத்தும் ஒரு தன்மையாய் இருப்பதில்லை. 1925-ஆம் ஆண்டில் பெருஞ்சாய நிறுவனங்கள் பல இணைந்து ஐ.ஜி. ஃபார்பன் என்னும் பேராலை அமைந்தது. இட்லரின் ஆட்சியில் அது ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் கைதிகளைக் கட்டாய உழைப்பில் ஈடுபடுத்தியது. போருக்குப் பின் அதன் தலைவர்கள் நீதிமன்றத்தில் நின்றனர், நிறுவனமும் கலைக்கப்பட்டது. நெடுநாள் கழித்து, 2000-ஆம் ஆண்டில், கட்டாய உழைப்புக்கு ஆளானோர்க்கு இழப்பீடு வழங்க ஓர் அறக்கட்டளை அமைந்தது. அதற்கென ஒதுக்கிய ஆயிரம் கோடி மார்க்கில் பாதியை அரசும் பாதியை நிறுவனங்களும் அளித்தன. அதற்குள் பாதிக்கப்பட்டோருள் பலர் மறைந்துவிட்டனர் என்பதை நாம் மறத்தலாகாது.

ஆகவே, நல்லார் ஒருவரின் உள்ளத்தை மட்டும் நம்பியிருத்தல் போதாது, சட்டமும் வேண்டும். 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் பணியாற்றும் ஜெர்மானிய நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடங்கள் தொழிலாளர் பக்கத்தைச் சேர்ந்தவை. வாக்குகள் சமமானால் முடிவு செய்யும் வாக்கு தலைவருக்கே உரியது. அவர் பெரும்பாலும் முதலாளிகளின் பக்கத்தவர். எனினும், ஆலையின் எதிர்காலத்தைப் பேசும் மேசையில் உழைப்பவனுக்கும் நாற்காலி உண்டு என்பது சிறிய செய்தி அன்று.

இனி நம் நகருக்கு வருவோம். 2007-ஆம் ஆண்டில் சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அருகே பி.எம்.டபிள்யூ. கார்த் தொழிற்சாலையும், 2012-ஆம் ஆண்டில் ஒரகடத்தில் டைம்லர் நிறுவனத்தின் சரக்குந்துத் தொழிற்சாலையும் திறக்கப்பெற்றன. அவை போன்றவற்றில் வேலை பெறுவதே பேறு என்று இளைஞர் பலர் எண்ணுகின்றனர். நான் மயிலாப்பூர்ப் பள்ளியொன்றில் பணியாற்றியபோது, மகன் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்ததை உறவினரிடம் சொல்லக் கூசிய பெற்றோரைக் கண்டதுண்டு. ஜெர்மனியிலோ, வாரத்தில் சில நாள் பள்ளியிலும் சில நாள் ஆலையிலுமாக இரண்டு முதல் மூன்றரை ஆண்டு பயின்று, பயிலும்போதே உதவித்தொகை பெறுவது மதிப்புக்குரிய கல்வி. நம் நாட்டிலும் 1961-ஆம் ஆண்டிலேயே தொழில் பழகுநர் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் வந்தும் கூச்சம் போகவில்லை! கிண்டியில் ஜெர்மானியர் கருவிகளை மட்டும் தந்து செல்லவில்லை. பொறியியல் படிப்பவனும் பட்டறையில் நின்று கையால் செய்து பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தையும் விதைத்தனர். இயந்திரத்தை ஏற்றுக்கொண்ட நாம் அவ்வெண்ணத்தை முழுதும் ஏற்றோமா?

மாணவர்களே, நாளை உங்களுள் சிலர் இத்தகைய நிறுவனங்களில் பணிபுரிவீர்கள். சிலர் அவற்றை நடத்துவீர்கள். சிலர் அவற்றுக்குரிய சட்டங்களை இயற்றுவீர்கள். எந்நாட்டு ஆலையாயினும், மூன்று வினாக்களைக் கேளுங்கள். இங்குள்ள கைகளுக்கு அது எத்திறனை விட்டுச் செல்கிறது? உழைப்பவன் சொல் எங்கே கேட்கப்படுகிறது? அதனால் வாழ்விழப்பவர் உளரேல், அவர்க்கு யார் துணை? இவ்வினாக்களை அவுரி உழவனுக்காகக் கேட்பார் அன்று இல்லை. இன்று கேட்கும் கல்வி உங்களுக்கு இருக்கிறது. கேட்கும் துணிவும் உங்களுக்கு உண்டாகுக!