பழைய மானிட்டரில் வீட்டுக்கு ஒரு ஸ்மார்ட் கண்ணாடி

(பீர்க்கன்கரணையில் நமது அறக்கட்டளையின் கணினிப் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



ஸ்மார்ட் கண்ணாடி என்றதும், ‘அது வசதியானவர் வீட்டு அலங்காரம், நமக்கெதற்கு?’ என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நம் தெருக்களில் மகன் வளைகுடாவிலும் மகள் வேறு ஊரிலும் இருக்க, பெரியவர்கள் இருவர் மட்டும் இருக்கும் வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். மகன் கைப்பேசியில் அனுப்பும் செய்தியை அவர்கள் பார்ப்பதில்லை. பார்த்தாலும் எழுத்து தெரிவதில்லை. ஆனால் கூடத்தில் மாட்டியிருக்கும் கண்ணாடியை நாளைக்குப் பத்து முறை கடந்து போகிறார்கள். ‘மாலை 5 மணிக்கு டாக்டர், பழைய சீட்டை எடுத்துச் செல்லவும்’ என்று அதிலேயே பெரிய எழுத்தில் தெரிந்தால் உதவிதானே? அதற்காகத்தான் இதை வகுப்பில் எடுத்துக்கொண்டோம்.

இந்த யோசனை ஒரு பெரிய கம்பெனியில் பிறந்ததல்ல. நெதர்லாந்தைச் சேர்ந்த மைக்கேல் டீவ் என்பவர் நியூயார்க்கில் மேசிஸ் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் ஒளிரும் எழுத்தைப் பார்த்துவிட்டு, 2014-இல் வீட்டில் தானே ஒன்று செய்தார். அதற்கு எழுதிய மென்பொருளை ‘மேஜிக்மிரர்’ என்ற பெயரில் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார். ராஸ்பெரி பை பற்றிய ‘மேக்பை’ பத்திரிகை தன் 50-ஆவது இதழுக்காக வாசகர்களிடம் வாக்கெடுத்தபோது இதுதான் முதலிடம் பெற்றது. இன்றும் பல நாட்டுத் தன்னார்வலர்கள் அதைப் பராமரிக்கிறார்கள். நாம் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை.

வேலை செய்யும் விதம் எளிது. ஒளியில் ஒரு பங்கைத் திருப்பி, மீதியை உள்ளே விடும் கண்ணாடி ஒன்று. அதன் பின்னால் ஒரு மானிட்டர். திரையில் கறுப்பாக இருக்கும் இடமெல்லாம் நம் முகம் தெரியும். வெள்ளை எழுத்து மட்டும் கண்ணாடியைத் தாண்டி வெளியே வரும்.

மானிட்டரைப் புதிதாக வாங்காதீர்கள். அலுவலகங்கள் கழித்துப்போடும் 19 அங்குல, 22 அங்குல எல்சிடி போதும். எச்டிஎம்ஐ துளை இருந்தால் நல்லது. விஜிஏ மட்டும் இருந்தால் மாற்றி ஒன்று வேண்டும். பிள்ளைகளுக்கு ஒரு கண்டிப்பு: வெளிச் சட்டத்தைக் கழற்றலாம், உள்ளே மின்சாரப் பலகையைத் தொடக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதிலுள்ள கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். மிகப் பழைய மானிட்டர்களில் பின்விளக்குக் குழாயில் பாதரசமும் உண்டு. பேனலை உடைக்கவே வேண்டாம்.

கண்ணாடிக் கடையில் ‘ஒன் வே கண்ணாடி’ என்று கேட்டால் சில நேரம் கட்டட முகப்புக்குப் போடும் நிறக்கண்ணாடியை எடுத்துத் தருவார்கள். அது எழுத்தை மங்கடித்துவிடும். கையிலுள்ள போனில் வெள்ளைத் திரையை வைத்து, துண்டின் பின்னால் பிடித்துப் பாருங்கள். எழுத்து தெளிவாக வந்தால் வாங்கலாம். அக்ரிலிக் இலேசானது, ஆனால் கீறல் விழும். பெரிய அளவில் வளைந்து முகத்தைக் கோணலாகக் காட்டும். குழந்தைகள் ஓடியாடும் வீட்டுக்கு அதுவே பாதுகாப்பு. மரச்சட்டத்தை நம் தச்சர்களிடமே சொல்லலாம். மேலும் கீழும் காற்றுத் துளை வைக்கச் சொல்லுங்கள். நம் ஊர் மே மாதத்தில் மூடிய பெட்டிக்குள் எந்த மின்பொருளும் நீடிக்காது.

கணினிக்கு ராஸ்பெரி பை 3 அல்லது 4 போதும். ரிச்சி தெருவில் விசாரித்துப் பாருங்கள். வீட்டில் திரை உடைந்த மடிக்கணினி கிடந்தால் அதில் லினக்ஸ் ஏற்றியும் இதே மென்பொருளை ஓட்டலாம். செலவு இன்னும் குறையும்.

மென்பொருளை நிறுவியதும் மாதிரி கான்ஃபிக் கோப்பு ஒன்று இருக்கும். அதைப் பிரதி எடுத்து நம் விருப்பப்படி மாற்ற வேண்டும். ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் கண்ணாடியில் நாம் கேட்டது வராது, கோப்பைச் சரிபார்க்கச் சொல்லும் வாசகம்தான் வரும். பயப்பட வேண்டாம். பிழை எந்த வரியில் என்று காட்டும் சோதனைக் கட்டளையும் கூடவே இருக்கிறது. வானிலைக்கு ‘ஓப்பன் மீட்டியோ’ சேவையைத் தேர்ந்தெடுத்தால் பதிவுச் சாவி தேவையில்லை. நம் பகுதிக்கு அட்சரேகை 12.91, தீர்க்கரேகை 80.09 என்று கொடுத்தால் போதும். தமிழ் எழுத்துரு நிறுவாவிட்டால் தமிழ் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியலாம். அதை முதலிலேயே நிறுவிவிடுங்கள்.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் பயன்படுத்த வேண்டியது காலண்டர் பகுதியை. கூகுள் காலண்டரில் குடும்பத்துக்கென்று தனியாக ஒன்று தொடங்கி, அதன் ரகசிய முகவரியைக் கான்ஃபிக் கோப்பில் ஒட்டிவிட்டால், ரியாத்திலிருந்து மகன் எழுதுவது சற்று நேரத்தில் இங்கே கூடத்தில் தெரியும். அந்த முகவரி யார் கையில் கிடைத்தாலும் காலண்டர் முழுவதும் திறந்துவிடும். கோப்பைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு உதவி கேட்காதீர்கள். கண்ணாடி கூடத்தில் இருப்பதால் வருகிறவர்களும் படிப்பார்கள். ‘மாத்திரை நேரம்’ என்று போடுங்கள், என்ன நோய்க்கு என்று போட வேண்டாம். கேமராவும் மைக்கும் பொருத்தும் வழிகள் இருக்கின்றன. வீட்டுக்குள் அவை தேவையில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

தொழுகை நேரம் வருமா என்பதே எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. வரும். அது சூரியனின் நிலையை வைத்துப் போடும் கணக்குதான். கணக்கு முறையில் கராச்சி முறையையும், அஸருக்கு உங்கள் மத்ஹபையும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஷாஃபி, ஹனஃபி இரண்டுக்கும் அஸரில் ஏறக்குறைய ஒரு மணி நேர வித்தியாசம் வரும். ஆனால் நம் பள்ளிவாசல் பலகையில் எழுதும் ஜமாஅத் நேரம் எந்த மென்பொருளுக்கும் தெரியாது. அதை நீங்களே பதிந்து, மாறும்போதெல்லாம் மாற்ற வேண்டும்.

இனி சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள். ராஸ்பெரி பை 3, 4 இரண்டிலும் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. மின்சாரம் வந்ததும் இணையத்தைக் கேட்டுத்தான் அது நேரத்தைத் திருத்திக்கொள்ளும். 2015 டிசம்பரில் முடிச்சூர் பக்கம் வெள்ளம் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மழைக்காலத்தில் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போகும். மின்சாரம் முதலில் வரும், இணையம் பிறகு வரும். இரவு 2 மணிக்கு நின்றது காலை 6 மணிக்கு உயிர் பெற்றால், அது ஏறக்குறைய 2 மணியிலிருந்தே ஓடத் தொடங்கும். சுவர்க் கடிகாரம் நின்றால் முள் நகராதது தெரிந்துவிடும். இதுவோ ஓடிக்கொண்டே தவறான நேரத்தைக் காட்டும். இன்சுலின் போடுகிற வீட்டில் இது சாதாரண விஷயமல்ல. டிஎஸ்3231 என்ற சிறு கடிகாரப் பலகையைப் பொருத்தி, தொடக்கக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. அது இல்லாமல் பெரியவர்கள் வீட்டில் கண்ணாடியை மாட்ட வேண்டாம். அது இருந்தாலும் மாத்திரை அட்டவணைத் தாளைக் கிழித்துவிடாதீர்கள். பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். திடீர் மின்வெட்டில் மெமரி கார்டு கெடுவதும் உண்டு. எல்லாம் சரியாக ஓடும் நாளில் கார்டுக்கு ஒரு பிரதி எடுத்து, பெயர் எழுதி, பீரோவில் வையுங்கள்.

மின்கட்டணம் பற்றியும் கேட்டார்கள். மானிட்டரும் பலகையும் சேர்ந்து 25 வாட் என்று வைத்தால், நாள் முழுதும் எரிய 0.6 யூனிட்; இரு மாதத்துக்கு 36 யூனிட். நமக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்! ஆள் வந்தால் மட்டும் திரையை எழுப்பும் பிஐஆர் சென்சார் சிறு விலைதான். திரை நாளைக்கு 6 மணி நேரம் மட்டும் எரிந்தால் செலவு நன்றாகக் குறையும்.

வீட்டில் சும்மா கிடக்கும் மானிட்டர் இருந்தால் அடுத்த வகுப்புக்கு மின்கம்பியோடு கொண்டுவாருங்கள். முதலில் அது எரிகிறதா என்று பார்ப்போம். கண்ணாடியை அதற்குப் பிறகு அளவெடுத்து வாங்கலாம்.