பாடம் சொன்ன கைக்குப் பரிசென்ன?

(ராஜபாளையம் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

நாடகம் எழுதுகிறவன் நான். ஆகவே நாடகத்திலிருந்தே தொடங்குகிறேன். 'ரோபோ' என்ற சொல்லை உலகறியச் செய்தவன் விஞ்ஞானியல்லன், நாடகாசிரியன்! செக் நாட்டுக் காரெல் சாப்பெக் 1920இல் எழுதிய நாடகத்திலே வந்த சொல் அது. 'ரோபோட்டா' என்றால் அந்த மொழியிலே கட்டாய உழைப்பு. கூலியின்றி நம் பாட்டன்மார் பண்ணையிலே செய்தார்களே வெட்டி வேலை, அதுதான்!

அந்த இரும்பு அடிமையைக் கூண்டுக்குள்ளேயே நிறுத்தி வைத்தனர். ஏன்? அதற்குக் கை உண்டு, கருணை இல்லை. 1979இல் அமெரிக்க மிச்சிகனிலே ஒரு கார்த் தொழிற்சாலையிலும், 2015இல் அரியானாவின் மனேசரிலும், அருகே சென்ற தொழிலாளியின் உயிரை அது குடித்தது.

இப்போது கூண்டைவிட்டு வெளியே வந்து, தொழிலாளியின் தோளருகே நிற்கிறது வேறொரு வகை. 'கோபாட்' என்கிறார்கள், கூட்டாளி எந்திரம் என்போம் நாம். டென்மார்க்கின் யுனிவர்சல் ரோபாட்ஸ் 2008இல் விற்கத் தொடங்கியது. புனே அருகே சாகனில் பஜாஜ் ஆட்டோ வாங்கியது. அவ்வளவு தூரம் போவானேன்? நம் மதுரையிலே, கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் செய்யும் அரோலேபிலும் அது இயங்குகிறது.

மனித உடல் மீது மோதினால், விசையை உணர்ந்து நின்றுவிடும். ஆனால், அதன் நுனியிலே கத்தியைப் பொருத்தினால் கூட்டாளியும் கொலையாளியே! அதனால்தான் உடலின் எந்தப் பகுதி எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று 2016இல் உலகத் தர அமைப்பு அளவு வகுத்தது.

வேலையை அது எப்படிக் கற்கிறது? தொழிலாளி அதன் கையைப் பிடித்து நடத்திக் காட்டுகிறான்; குழந்தைக்கு 'அ'கரம் எழுதக் கற்பிக்கும் தாயைப்போல! காட்டியதைக் களைப்பின்றித் திரும்பத் திரும்பச் செய்கிறது. அப்படியானால், தோழர்களே, ஆசான் யார்? தொழிலாளி! மாணவன்? எந்திரம்!

ஏகலைவன் கதை அறிவீர்கள். அங்கே மாணவனின் கட்டைவிரலைக் கேட்டான் ஆசான். இங்கே, ஆசானின் கட்டைவிரலைக் கேட்கிறான் மாணவனை விலைக்கு வாங்கியவன்! கற்பித்தவனுக்குக் கதவைக் காட்டுவது எந்த ஊர் நீதி?

எந்திரத்தை உடைக்கும் கூட்டமல்ல நாம். 1936இல் ராஜபாளையம் மில்ஸ் தோன்றியது முதல் எந்திரத்தோடு வாழும் ஊர் இது. ஸ்பின்னிங் பிரேமில் நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றிக் கழற்றி நம் சகோதரிகளின் தோள் நொந்தது. ஆட்டோ டாஃபர் வந்தது. நோவு குறைந்தால் மகிழ்ச்சி! ஆனால் நோவோடு சோறும் போய்விட்டால்?

ஆள்குறைப்பு நேரக்கூடிய புதிய முறையை, அறிவிப்புத் தந்து 21 நாள் கழியாமல் புகுத்தக்கூடாது என்றது 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டம். 2025 நவம்பரில் அதனிடத்திலே அமலுக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பிலும் அந்த விதி இருக்கிறது. நல்லது! ஆனால், அறிவிப்புத் தாள் அடுப்பெரிக்க உதவலாம், உலையில் போட அரிசியாகுமா?

ஆகவே கேட்கிறோம்: எந்திரம் உள்ளே வரும் வாயில் வழியே எவரும் வெளியே போகக்கூடாது. அதற்குக் கற்பித்தவரே, கூடுதல் ஊதியத்தோடு, அதை நடத்துபவராக வேண்டும். அதன் வேகத்தையும் நுனியையும் சோதிக்கும்போது தொழிற்சங்கமும் உடனிருக்க வேண்டும். மிச்சமாகும் நேரத்திலே தொழிலாளிக்கும் பங்கு வேண்டும்.

நாளை ஆலையிலே அறிவிப்புப் பலகையிலே தாள் ஒட்டினால், படிக்காமல் கடந்து போகாதீர்கள். அந்த 21 நாளும் உங்களுடையவை. சங்கத்தைக் கூட்டுங்கள், பேச்சுக்கு அழையுங்கள். கூட்டாளி என்று பெயர் சூட்டினால் போதாது. ஆதாயத்திலே பங்கு தருபவனே கூட்டாளி!