எலும்பு கூடிய பின்னும் ஓயாத வலி
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நாம் மருத்துவர் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வே அலுவலகத்தில் விடுப்புக் கணக்கு எழுதுபவர். நாம் இழைத்த பிழையொன்றே இப்பொருள் பற்றிப் பேசத் தூண்டிற்று.

நம் சங்கத்து அன்பர் ஒருவர் மழையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டைப் பிரித்தபொழுது எலும்பு செவ்வனே கூடியிருந்தது. கையோ நெருப்பிலிட்டதுபோல் எரிந்தது. வீங்கி, நிறம் மாறி, வியர்த்தது. சட்டைக் கை உராய்ந்தாலும், மின்விசிறிக் காற்றுப் பட்டாலும் துடித்தார். “எலும்புதான் கூடிவிட்டதே, இன்னும் எதற்கு விடுப்பு?” என்று கேட்டோம். பாசாங்கு என்றே எண்ணினோம். அவர் மறுமொழி கூறவில்லை. கையை உடலினின்று விலக்கிப் பிடித்தவாறே சென்றார்.

இந்நோய் புதிதன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்ட வீரர்களிடம் இதனைக் கண்டு, 1864-இல் தம் தோழர் இருவருடன் நூலெழுதினார் வியர் மிட்செல் என்னும் மருத்துவர். அவ்வீரர்கள் எரிச்சல் பொறாது கையில் ஈரத்துணி சுற்றித் திரிந்தனராம். ‘காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம்’ என்னும் இன்றைய பெயர் 1994-இல் வந்தது. காயம் ஆறியும் நரம்பும் மூளையும் அபாயம் நீங்கியதை ஏற்பதில்லை. தண்டவாளம் சீரான பின்னும் இறங்க மறுக்கும் கைகாட்டி என்றால் நம்மவர்க்கு விளங்கும்.

வலிக்கு அஞ்சிக் கையை அசையாது வைத்தால் மூட்டு இறுகும், தசை மெலியும். முரட்டுத்தனமாக இழுத்துப் பிடித்தாலோ வலி மிகும். ஆகவே படிப்படியாகவே பழக்க வேண்டும். முதலில் பட்டுத் துணியால் வருடுதல், பின்னர் பருத்தி, அதன்பின் சொரசொரப்பான துவாலை. நம் அன்பருக்குப் பயிற்சியளித்த அம்மையார் “தீரே, தீரே” என்று ஓயாது கூறுவார். கண்ணாடிப் பயிற்சியும் உண்டு: நோயுற்ற கையைக் கண்ணாடிக்குப் பின் மறைத்து, நல்ல கையை அசைத்து, அதன் நிழலைப் பார்த்தல். கையிழந்தோரின் மாய வலிக்கு 1990-களில் இம்முறையைக் கண்டவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன். பின்னரே இந்நோய்க்கும் அதனைக் கையாண்டனர். எல்லார்க்கும் முற்றும் குணமாகும் என்று கூறுவதற்கில்லை. ஆயினும் விரைந்து தொடங்குதல் நன்று.

வீட்டாருக்கும் இதில் பங்குண்டு. அன்பரின் மனைவியார் மாவு பிசையும்போதெல்லாம் அவரிடம் ஒரு சிறு உருண்டையைக் கொடுத்து உருட்டச் சொல்வாராம். எந்த மருத்துவரும் எழுதிக் கொடுத்ததன்று!

எட்டுத் திங்கள் கழித்து அவர் பணிக்குத் திரும்பினார். குளிர்காலத்தில் இன்றும் எரிச்சல் உண்டு. நாம் மன்னிப்புக் கேட்டபொழுது, “எனக்கே முதலில் நம்பிக்கை வரவில்லையே, ஐயா” என்றார். பணியேற்புத் தாளில் அந்த வலக்கையாலேயே கையொப்பமிட்டார். எழுத்துக் கோணியிருந்தது, நாமே அதனைக் கோப்பில் சேர்த்தோம்.