சிறு படகில் கூடுதல் விளக்கு

வார இறுதியில் தூண்டில் போடவும் குடும்பத்தோடு காற்று வாங்கவும் கடலுக்குப் போகும் சிறு படகுகளில் கூடுதலாக விளக்குப் பொருத்துவது இப்போது பரவலான வழக்கமாகிவிட்டது. எல்இடி விளக்கு மலிந்துவிட்டது. வாங்கி மாட்டுவதும் எளிது. முகப்பில் ஒரு நீண்ட விளக்குப் பட்டை, விளிம்பைச் சுற்றி நிறம் மாறும் சரவிளக்கு, தண்ணீருக்கடியில் நீல விளக்கு என்று ஒவ்வொன்றாகப் படகில் ஏறுகின்றன. இந்த வழக்கத்தை, மலாக்கா மாநிலத்திலுள்ள கோலா சுங்கை பாரு ஆற்றுமுகத்தையும் அதன் முன்னே கிடக்கும் மலாக்கா நீரிணையையும் மனத்தில் வைத்து இன்று எடைபோட்டுப் பார்க்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூடுதல் விளக்கு தேவைதான். ஆனால் அது எங்கே ஒளியைக் கொட்டுகிறது என்பதைவிட, எங்கே ஒளி படாமல் பார்த்துக்கொள்கிறது என்பதில்தான் அந்த வேலையின் திறமை இருக்கிறது. இரவில் இருட்டும் படகோட்டிக்கு ஒரு சாதனம். அதைத் தன் கையாலேயே கெடுத்துக்கொள்ளும் படகுகள் பெருகிவருகின்றன என்பதுதான் என் கவலை.

ஒரு படகு கட்டாயம் காட்ட வேண்டிய விளக்குகளிலிருந்து தொடங்குவோம். 1972-இல் வகுக்கப்பட்டு, 1977 ஜூலை 15 முதல் நடைமுறையில் இருக்கும் அனைத்துலகக் கடல் மோதல் தடுப்பு விதிகள்தாம் இதற்கு அடிப்படை. சூரியன் மறைந்தது முதல் உதிக்கும்வரை படகின் இடப்பக்கம் சிவப்பும் வலப்பக்கம் பச்சையும் எரிய வேண்டும். 12 மீட்டருக்குக் குறைந்த எஞ்சின் படகு, இவற்றோடு நாலாபுறமும் தெரியும் ஒரே ஒரு வெள்ளை விளக்கை உயரத்தில் ஏற்றினால் போதும். 7 மீட்டருக்கும் குறைவாக இருந்து, மணிக்கு 7 கடல்மைலுக்கு மேல் ஓட முடியாத படகு அந்த வெள்ளை விளக்கை மட்டும் காட்டலாம். முடிந்தால் பக்க விளக்குகளையும் காட்ட வேண்டும். துடுப்புப் படகுக்கு, மோதலைத் தவிர்க்கும் அளவுக்கு முன்கூட்டியே காட்டத் தயாராக ஒரு டார்ச் லைட் கையில் இருந்தாலே போதும். இந்த நிறங்கள் அலங்காரத்துக்காக வந்தவை அல்ல. குறுக்கே வரும் எஞ்சின் படகின் சிவப்பு உங்களுக்குத் தெரிந்தால், அது உங்கள் வலப்பக்கத்திலிருந்து வருகிறது. ஒதுங்க வேண்டியவர் நீங்கள். பச்சை தெரிந்தால் ஒதுங்க வேண்டியவர் அவர். நீங்கள் போக்கையும் வேகத்தையும் மாற்றாமல் போக வேண்டும். கும்மிருட்டில், ஒரு வார்த்தை பேசாமல், முன்பின் தெரியாத இருவருக்கிடையே இந்த ஏற்பாடு நடந்து முடிகிறது. விளிம்பு முழுக்கப் பச்சைச் சரவிளக்குச் சுற்றிய படகு, இடப்பக்கத்திலிருந்து பார்ப்பவனுக்கும் பச்சையையே காட்டுகிறது. அதாவது அவனிடம் பொய் சொல்கிறது. நிறங்களை மேலும் கீழுமாக அடுக்கினால் இன்னும் மோசம். பச்சைக்குக் கீழே வெள்ளை என்றால் இழுவலைப் படகு. சிவப்புக்குக் கீழே வெள்ளை என்றால் வேறு வலையோ நீண்ட கயிறோ விட்டிருக்கும் மீன்பிடிப் படகு. பொழுதுபோக்காகத் தூண்டில் போடுபவர் அந்த வகையில் சேரமாட்டார். அந்த அடையாளத்தைக் காட்ட அவருக்கு உரிமையும் இல்லை.

இனி, பலரும் கவனிக்காத ஒரு கணக்கு. அந்த வெள்ளை விளக்கு இரண்டு கடல்மைல் தூரத்துக்கு, அதாவது 3.7 கிலோமீட்டருக்குத் தெரிய வேண்டும் என்கிறது விதி. அதற்கு எவ்வளவு ஒளி தேவை? குறைந்தபட்சம் 4.3 கேண்டெலா. ஒரு மெழுகுவர்த்தியின் ஒளி ஏறக்குறைய ஒரு கேண்டெலா என்று வைத்துக்கொண்டால், நாலைந்து மெழுகுவர்த்திதான். ஒரு கடல்மைலுக்குத் தெரிய வேண்டிய பக்க விளக்குக்கு 0.9 கேண்டெலா, ஒரு மெழுகுவர்த்திக்கும் சற்றுக் குறைவு. தெளிந்த இரவில் அவ்வளவு சிறிய ஒளி அவ்வளவு தூரம் போய்ச் சேருகிறது. ஏன்? அதைச் சுற்றி இருட்டு இருக்கிறது. அந்த இருட்டுதான் அதைத் தூக்கிக் காட்டுகிறது. அதே விளக்குக்குப் பக்கத்தில், முகப்பில், ஆயிரக்கணக்கான கேண்டெலா பீறிடும் ஒரு விளக்குப் பட்டையைப் போட்டுவிட்டால், எதிரே வருபவருக்குச் சிவப்பும் தெரியாது, பச்சையும் தெரியாது. வெள்ளையாக ஏதோ ஒன்று எரிகிறது என்பது மட்டும் தெரியும். அது எந்தப் பக்கம் போகிறது என்று அவர் எப்படி முடிவு செய்வார்? இதை முன்கூட்டியே உணர்ந்துதான் 20-ஆம் விதி கூடுதல் விளக்குக்கு மூன்று எல்லை போடுகிறது. கட்டாய விளக்கு என்று தவறாக எண்ணும்படி அது இருக்கக்கூடாது, கட்டாய விளக்கின் தெளிவைக் கெடுக்கக்கூடாது, படகோட்டி சுற்றுமுற்றும் கவனிப்பதற்குத் தடையாகக்கூடாது. இந்த மூன்றையும் மீறாத எந்த விளக்கையும் தாராளமாகப் போடலாம். விதி கடுமையானது என்று யாரும் குறை சொல்ல முடியாது.

மூன்றாவது எல்லைதான் படகில் இருப்பவரின் உயிரோடு நேரடியாகத் தொடர்புள்ளது. நம் கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் பிடிக்கும். அப்படிப் பழகிய கண்ணில் பளிச்சென்று வெள்ளை ஒளி பட்டால், சேர்த்துவைத்த அந்தப் பார்வை நொடியில் போய்விடும். திரும்பவும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். தோட்டத்தில் பால்மரம் சீவிய குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. விடியுமுன் நெற்றியில் கட்டிய விளக்கு, சீவுகிற பட்டையை மட்டும் காட்டும். பக்கத்து நிரையில் இருப்பவர் பேச்சுக்கொடுக்க இந்தப் பக்கம் திரும்பினால், அந்த ஒளி கண்ணில் அடித்து, கொஞ்ச நேரத்துக்கு மரமும் தெரியாது, பாதையும் தெரியாது. படகில் நடப்பதும் அதுதான். முகப்பு விளக்கின் ஒளி தூரத்தில் உள்ள கடலுக்குப் போவதற்கு முன்பே படகின் வெள்ளைத் தளத்திலும் கைப்பிடிக் கம்பியிலும் சிதறும் நீர்த்துளியிலும் பட்டுத் திரும்புகிறது. பத்து மீட்டர் வட்டம் பகல்போல் இருக்கும். அதற்கு அப்பால் சுவர்போல் இருட்டு. புகைமூட்டம் சூழும் மாதங்களில் அந்தச் சுவர் இன்னும் நெருங்கி வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், பெரும்பாலும் விடியற்காலைக்கு முன், சுமத்ரா பக்கமிருந்து நீரிணையைக் கடந்துவரும் திடீர்க் காற்றுமழையைக் கரையோரத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்த மழைக்குள் விளக்குப் பட்டையைப் போட்டால், மழைத் தாரையைத் தவிர வேறெதுவும் தெரியாது.

இந்தக் கடற்கரைக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. கோலா சுங்கை பாருவுக்கு முன்னால் உள்ள கடல் வெறும் இருட்டுக் கடல் அல்ல. வடக்கே கோலா லிங்கி துறைமுகத்துக்கு வெளியே எண்ணெய்க் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கின்றன. 100 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல் நங்கூரமிட்டால் தளம் முழுவதையும் விளக்கால் ஒளிரவைக்க வேண்டும் என்பது விதி. தெற்கே சுங்கை ஊடாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, வடக்கே போர்ட்டிக்சன் கரை, எல்லாமே விடிய விடிய எரிகின்றன. நீரிணையின் நடுவே, உலகின் நெரிசல் மிகுந்த கப்பல் பாதைகளில் ஒன்று ஓடுகிறது. அந்தப் பாதையில் வரும் கப்பலின் மாலுமி கரைப்பக்கம் பார்க்கும்போது அவருக்குத் தெரிவது ஒளிப்புள்ளிகளின் ஒரு பெருங்கூட்டம். அதில் நம் படகின் வெள்ளைப் பிழம்பும் ஒரு கரை விளக்காகக் கரைந்துபோகும். எவ்வளவு பிரகாசம் என்பது அங்கே உதவாது. எப்படிப்பட்ட விளக்கு என்பதுதான் உதவும். மாநிலத்தின் மற்ற பகுதியிலிருந்து பிரிந்து கிடந்தாலும் மலாக்காவுக்கே சொந்தமான தஞ்சோங் துவான் குன்றில், போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் விளக்கேற்றிய இடத்தில், 1863-இல் எழுந்த கலங்கரை விளக்கம் இன்றும் நிற்கிறது. மாலுமி அதை அடையாளம் காண்பது அது மின்னும் ஒழுங்கைக் கொண்டுதான். வெறும் வெளிச்சமாக இருந்திருந்தால் கரையில் உள்ள நூறு விளக்குகளில் அதுவும் ஒன்றாகியிருக்கும். இன்னொன்று: பெரிய கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்ப்பவருக்கு, முகப்புக்கு முன்னால் 500 மீட்டர்வரைகூடக் கடல் மறைந்திருக்க அனைத்துலக விதி இடம் தருகிறது. அந்தத் தூரத்துக்குள் போய்விட்டால், எத்தனை விளக்கு எரிந்தாலும் அவர் நம்மைப் பார்க்கப் போவதில்லை. தொலைவிலேயே, சரியாக, தெரிந்தாக வேண்டும்.

முகப்பு விளக்கு வேண்டாம் என்பதற்கு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. ஆற்றுமுகத்தில் மிதக்கும் மரக்கட்டை, வலையின் மிதவை, கடலில் நட்ட கம்பு, விளக்கே இல்லாமல் வரும் சம்பான், இவற்றையெல்லாம் வெளிச்சமில்லாமல் எப்படிப் பார்ப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்குத் தேவை கையில் பிடிக்கும், குறுகிய கற்றை கொண்ட ஒரு விளக்கு. படகோட்டிக்கு முன்னால் நிற்கும் ஒருவர் அதைத் தேவையான நொடியில் போட்டு, தேவையான திசையில் காட்டி, உடனே அணைத்துவிட வேண்டும். எதிரே வருபவர் கண்ணில் அடிக்கக்கூடாது. நிரந்தரமாக எரியும் முகப்பு விளக்கு செய்வது இதற்கு நேர்மாறு. அது வேகமாக ஓடலாம் என்ற துணிச்சலைக் கொடுக்கிறது, தூரத்தைக் காட்டாமல். பாதுகாப்பான வேகத்தைப் பற்றிச் சொல்லும் 6-ஆம் விதி, வேகத்தைக் கணிக்கும்போது இரவில் கரை விளக்குகளின் பின்னணியையும் சொந்த விளக்கின் ஒளி சிதறித் திரும்புவதையும் கருத வேண்டும் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. கட்டைக்கு முதல் மருந்து வேகத்தைக் குறைப்பதுதான். மீன்பிடித் தொழிலாளர் பெரிய விளக்குப் போடுகிறார்களே என்பது அடுத்த மறுப்பு. அவர்களுக்கு விளக்கு ஒரு மீன்பிடிக் கருவி. திரங்கானுவில் கணவாய் பிடிப்பவர்கள் விளக்கு வெளிச்சத்தில்தான் கணவாயைத் திரட்டுகிறார்கள். அந்தக் கருவியின் வலிமை எவ்வளவு என்றால், தன் கடற்பகுதியில் எல்இடி விளக்கு வைத்து மீன் பிடிப்பதை இந்திய அரசு 2017-இல் தடை செய்தது. ஓடும் பொழுதுபோக்குப் படகுக்கு அதில் முன்மாதிரி எதுவும் இல்லை.

எல்இடி கொஞ்சம்தானே கரண்ட் எடுக்கிறது, போட்டால் என்ன என்ற வாதமும் அடிக்கடி வருகிறது. கரண்ட் விஷயத்தில் அது உண்மைதான். 12 வோல்ட் பேட்டரியில் பழைய 55 வாட் ஹாலஜன் விளக்கு 4.6 ஆம்பியர் எடுத்தது. 20 வாட் எல்இடி 1.7 ஆம்பியர்தான் எடுக்கிறது. ஆனால் செலவு பேட்டரியில் மட்டும் இல்லை. சில எல்இடி விளக்குகளின் உள்ளிருக்கும் மின்சுற்று, கடல் தொடர்புக்கான விஎச்எஃப் வானொலியைக் கெடுக்கும் இரைச்சலை உண்டாக்குகிறது என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018-இல் எச்சரிக்கை வெளியிட்டது. ஆபத்து நேரத்தில் 16-ஆம் அலைவரிசையில் கூப்பிடும் குரல் கேட்காமல் போவதற்கு, அழகுக்காக மாட்டிய ஒரு விளக்கு காரணமாகலாம். சோதிப்பது எளிது. பேச்சில்லாத ஓர் அலைவரிசையில் வானொலியை வைத்து, இரைச்சலை அடக்கும் குமிழை, இரைச்சல் நிற்கும் இடம்வரை மட்டும் திருகிவிட்டு, விளக்கைப் போட்டுப் பாருங்கள். இரைச்சல் திரும்ப வந்தால் அந்த விளக்கு படகில் இருக்கக்கூடாது. வயரிலும் கவனம் வேண்டும். உப்புக் காற்றில் சாதாரணச் செம்புக் கம்பி பச்சை பிடித்துப் போகும். வெள்ளீயம் பூசிய கம்பிதான் நிற்கும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு முதலில் மங்கும், பிறகு சூடேறும். பெட்ரோல் தாங்கி இருக்கும் படகில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல வேண்டியதில்லை. பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் இருக்க வேண்டும்.

அப்படியானால் எதைப் போடலாம்? விளிம்புக்குக் கீழே, உட்புறமாக, தரையைப் பார்த்து எரியும் மங்கிய சிவப்பு விளக்கு. சிவப்பு ஒளி இருட்டுக்குப் பழகிய கண்ணை அதிகம் கெடுப்பதில்லை. கொக்கி மாட்டவும் கயிறு அவிழ்க்கவும் அது போதும். ஆனால் வெளியே ஒரு கீற்றும் கசியக்கூடாது. கசிந்தால் அது பக்க விளக்காகத் தோன்றிவிடும். ஏறுபடிக்கு மேலே, தண்ணீரைப் பார்த்து ஒரு வலுவான வெள்ளை விளக்கு, தனிச் சுவிட்சோடு. யாராவது தண்ணீரில் விழுந்தால் மட்டும் எரிய வேண்டியது அது. நாலாபுறமும் தெரியும் வெள்ளை விளக்கு, பக்க விளக்குகளைவிட ஒரு மீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. பல படகுகளில் அந்தக் கம்பு குட்டையாக இருந்து, எரியும் விளக்கு ஓட்டுபவர் கண்ணுக்கு நேரே நிற்கிறது. கம்பை உயர்த்தி, விளக்குக்கு நேர் கீழே கறுப்புப் பூசிய ஒரு வட்டத் தகட்டை வைத்தால், தூரத்துக்குப் போகும் ஒளி குறையாமல் தளத்தில் விழும் ஒளி மட்டும் நின்றுவிடும். கடையில் விற்கும் எந்த விளக்குப் பட்டையையும்விட இந்தத் தகடு பயனுள்ளது என்பேன்.

அழகு வேண்டாமா என்று கேட்பவர்களையும் நான் ஒதுக்கவில்லை. ஜெட்டியில் கட்டிய படகில், தீபாவளி இரவிலோ பிறந்தநாளிலோ, எத்தனை நிறமும் எரியட்டும். கரையோரமாக ஓடும்போதுதான் கேள்வி. கோலா சுங்கை பாருவுக்குத் தெற்கே பெங்காலான் பாலாக் பக்கம், பாடாங் கெமுந்திங்கில் அழுங்காமைகள் முட்டையிடுகின்றன; அங்கே ஆமைப் பாதுகாப்பு நிலையமும் இருக்கிறது. பொரித்து வெளிவரும் குஞ்சு, வெளிச்சமான பக்கம்தான் கடல் என்று நம்பி ஓடும். கரை ஏற வரும் தாய் ஆமையும் வெளிச்சத்தைக் கண்டு திரும்பிவிடக்கூடும். அந்தக் கரையை ஒட்டி நீல விளக்கும் வெள்ளை விளக்குமாக ஒரு படகு நிற்பதை எந்த அழகும் நியாயப்படுத்தாது. ஆற்றிலும் அப்படித்தான். கோலா சிலாங்கூர் கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் போகிறவர்களைச் சம்பானில் துடுப்புப் போட்டு, விளக்கில்லாமல்தான் கூட்டிப்போகிறார்கள். லிங்கி ஆற்றிலும் மின்மினி உண்டு. அங்கே போகும் படகுக்கும் அந்த மரியாதை வேண்டும்.

புதிதாக விளக்கு மாட்டியவர்கள் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது, அதற்குப் பணம் தேவையில்லை. இரவில் ஒருவரை ஜெட்டியில் நிற்கவைத்துவிட்டு, கட்டாய விளக்குகளை மட்டும் போட்டு அரைக் கடல்மைல் வெளியே போங்கள். படகை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றுங்கள். கரையில் நிற்பவர், இப்போது சிவப்பு, இப்போது பச்சை, இப்போது வெள்ளை மட்டும் என்று போனில் சொல்லிக்கொண்டே வரட்டும். பிறகு கூடுதல் விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டு அதே சுற்றைச் சுற்றுங்கள். எந்த விளக்கைப் போட்டதும் அவர் நிறத்தைச் சொல்லத் தடுமாறுகிறாரோ, அந்த விளக்கைக் கரைக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள்.