கெய்ரோ சுவர்களில் ஒட்டிய கண்ணீர்



1950களில் எகிப்தில் எடுத்த படங்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை. ஆனால் அவற்றுக்காகக் கெய்ரோ தெருக்களில் ஒட்டிய சுவரொட்டிகளில் கறுப்பு வெள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கதாநாயகியின் உதடு மாதுளைச் சிவப்பு. கவுன் மரகதப் பச்சை. பின்னால் இருக்கும் வானம், எந்த ஊரிலும் எந்த நேரத்திலும் யாரும் பார்த்திராத ஓர் ஊதா. அந்தக் கவுன் படப்பிடிப்பில் என்ன நிறத்தில் இருந்தது என்பது திரையரங்கில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியாது. சுவரொட்டி வரைந்தவருக்கும் பல நேரம் தெரிந்திருக்காது. படக்கம்பெனி கொடுத்த புகைப்படங்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, இந்தக் கதைக்கு எந்த நிறம் எடுக்கும் என்று அவரே முடிவு செய்தார். எகிப்திய மெலோடிராமாவுக்கு வண்ணம் பூசியது கேமராக்காரர் அல்ல, இந்தப் போஸ்டர் ஓவியர்தான் என்று நான் சொல்லுவேன்.

அந்த சினிமாவின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1927இல் அஸீஸா அமீர் என்ற நடிகை, தானே பணம் போட்டு, தானே நடித்து ‘லைலா’ என்ற மௌனப்படத்தை வெளியிட்டார். 1935இல் தலாஅத் ஹர்ப் என்ற தொழிலதிபர், தான் தொடங்கிய மிஸ்ர் வங்கியின் துணையோடு ஸ்டூடியோ மிஸ்ரைத் திறந்தார். அடுத்த ஆண்டே அங்கிருந்து பாடகி உம்மு குல்தூம் நடித்த ‘விதாத்’ வந்தது. அதன் பிறகு மொராக்கோவிலிருந்து ஈராக் வரை அரபு மொழி பேசும் ஊர்களில் எல்லாம் கெய்ரோ படம் ஓடியது. கெய்ரோப் பேச்சு வழக்கு மற்ற அரபு நாட்டவருக்குப் பழகியதில் இந்தப் படங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த ஏற்றுமதியில் இரண்டு சரக்குக்குத் தட்டுப்பாடே வந்ததில்லை. ஒன்று பாட்டு, மற்றொன்று அழுகை.

அழுகை நாடக மேடையிலிருந்து வந்தது. யூசுஃப் வஹ்பி என்ற நடிகர் 1923இல் ரம்ஸேஸ் நாடகக் குழுவைத் தொடங்கினார். கெட்டுப்போன பணக்கார வீட்டுப் பிள்ளை, கைவிடப்பட்ட பெண், கடைசிக் காட்சியில் ஒரு சாவு. இதுதான் அந்தக் குழுவின் பலம். எகிப்தின் முதல் பேசும் படமான ‘அவ்லாத் அல் ஸவாத்’தில் 1932இல் நடித்தவரும் வஹ்பிதான். ‘பெரிய வீட்டுப் பிள்ளைகள்’ என்ற அந்தத் தலைப்பிலேயே கதை பாதி தெரிந்துவிடும். அதே குழுவில் வளர்ந்தவர் அமீனா ரிஸ்க். பல தலைமுறைக்குத் திரையில் அழுத தாய் அவர். வாழ்க்கையில் திருமணமே செய்துகொள்ளாதவர் என்பது தனிக்கதை.

பிரான்சு, ரஷ்யா என்று வெளியிலிருந்து கதையை இரவல் வாங்கவும் கெய்ரோ படக்காரர்கள் கூச்சப்படவில்லை. காசநோயால் சாகும் காமீலியா மலர்ப் பெண்ணின் பிரெஞ்சுக் கதை, 1942இல் லைலா முராத் நடிக்க ‘லைலா’ ஆனது. விக்தர் ஹியூகோவின் ‘ஏழைபடும் பாடு’ அடுத்த ஆண்டே கெய்ரோவுக்குக் குடிவந்தது. தல்ஸ்தோயின் அன்னா கரெனினா 1960இல் ‘நஹர் அல் ஹுப்’, அதாவது காதல் நதி என்ற படமானது. ஃபாத்தின் ஹமாமா மனைவி, உமர் ஷெரீஃப் காதலன், ஸகி ருஸ்தும் கல் மனதுக் கணவன். நாவலில் வரும் ரயிலையும் மறக்காமல் கொண்டுவந்தார்கள்.

இனி சுவரொட்டிக்கு அருகில் போய்ப் பார்க்கலாம். கெய்ரோ சினிமாக்காரர்கள் அதை ‘அஃபிஷ்’ என்பார்கள். ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம், முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலம், மெல்லிய மலிவான தாள். மேலே இரண்டு பெரிய தலைகள். ஆண் அவளைப் பார்க்கிறான், அவள் தாளுக்கு வெளியே எங்கோ பார்க்கிறாள். மெலோடிராமா போஸ்டரில் காதலர்கள் கண்ணோடு கண் பார்ப்பது குறைவு. பார்த்துவிட்டால் பிறகு பிரச்சினை ஏது? மூன்றாவது முகம் ஒன்று மூலையில், அளவில் சிறியதாக, புருவத்தை உயர்த்திக்கொண்டு இருக்கும். அது தந்தை, அல்லது கணவன், அல்லது பழைய காதலி. கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு காட்சி: மாடிப்படி, துப்பாக்கி, மருத்துவமனைக் கட்டில். இவற்றின் குறுக்கே, வலமிருந்து இடமாக வளைந்து வளைந்து ஓடும் அரபு எழுத்தில் படத்தின் பெயர். படம் பார்க்காமலே யாருக்கு யார் மேல் ஆசை, நடுவில் யார் நிற்கிறார், முடிவில் ரத்தம் உண்டா இல்லையா என்று சொல்லிவிடலாம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவரும் சொல்லிவிடலாம். அன்றைய எகிப்தில் அவர்கள்தான் அதிகம்.

பெயர்களின் அளவும் ஒரு செய்திதான். எவர் பெயர் மேலே, எவர் பெயர் எத்தனை விரல் உயரம் என்பதில் சம்பளமும் கௌரவமும் அடங்கியிருந்தன. லைலா முராத்துக்கு அந்தச் சண்டையே தேவைப்படவில்லை. படிக்கும் லைலா, கிராமத்து லைலா, இருட்டில் லைலா என்று படத் தலைப்பிலேயே அவர் உட்கார்ந்துகொண்டார். நகைச்சுவை நடிகர் இஸ்மாயில் யாசீனும் அப்படித்தான். ராணுவத்தில் இஸ்மாயில் யாசீன், காவல் துறையில் இஸ்மாயில் யாசீன் என்று ஒரு தொடரே உண்டு.

அச்சுவேலை கல்லச்சு முறையில் நடந்தது. ஓவியர் வரைந்த மூலப்படத்தை ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகப் பிரித்து, கல்லிலோ துத்தநாகத் தகட்டிலோ கையால் மறுபடி வரைய வேண்டும். பிறகு ஒரே தாள் மஞ்சளுக்கு ஒரு முறை, சிவப்புக்கு ஒரு முறை, நீலத்துக்கு ஒரு முறை, கறுப்புக்கு ஒரு முறை என்று இயந்திரத்துக்குள் போய்வரும். தாள் ஓர் இழை நகர்ந்தால் நாயகியின் உதட்டுச் சாயம் கன்னத்துக்கு ஏறிவிடும். பழைய பிரதிகளில் அப்படி ஏறியவை உண்டு. எனக்கு அவை இன்னும் பிடிக்கும்.

வரைந்தவர்கள் யார்? மூலையில் சிறிய கையெழுத்து இருக்கும். ராகிப், அப்துர் ரஹ்மான், மார்செல், வஹீப் ஃபஹ்மி. கசூர் என்ற கையெழுத்து ஒரு பட்டறைக்கே முத்திரை. ஸ்டமாதிஸ் வஸிலியூ என்ற கிரேக்கரும் இந்த வரிசையில் முக்கியமானவர். அன்றைய அலெக்சாந்திரியாவும் கெய்ரோவும் கிரேக்கர், இத்தாலியர், ஆர்மீனியர், யூதர் எல்லோரும் கடை வைத்துப் பிழைத்த ஊர்கள். சினிமாவும் அப்படித்தான் வளர்ந்தது. லைலா முராத் யூதக் குடும்பத்தில் பிறந்து பின்னர் இஸ்லாத்துக்கு வந்தவர். உமர் ஷெரீஃப் கிறிஸ்தவராகப் பிறந்த மிஷெல் ஷல்ஹூப்.

சில நேரம் வாழ்க்கையே மெலோடிராமாவை மிஞ்சிவிடும். பாடகி அஸ்மஹான், யூசுஃப் வஹ்பியின் ‘கராம் வ இந்திகாம்’, அதாவது காதலும் பழியும் என்ற படத்தில் நடித்துக்கொண்டிருந்தார். 1944 ஜூலையில் தான் சென்ற கார் கால்வாயில் விழுந்ததில் அவர் இறந்துபோனார். படம் முடியவில்லை. கதையின் முடிவை மாற்றி, கதாநாயகியையும் சாகடித்து, அந்த ஆண்டுக் கடைசியில் வெளியிட்டார்கள். சுவரெங்கும் இறந்துபோன பெண்ணின் முகம். உள்ளே அவர் குரல். மக்கள் எதற்காகக் கூடினார்கள் என்று விளக்க வேண்டியதில்லை.

அழுகைப் படம் என்று இவற்றைக் கேலி செய்வது சுலபம். எகிப்திய விமர்சகர்களே செய்திருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஹென்றி பரகாத் 1959இல் எடுத்த ‘துஆ அல் கரவான்’ படத்தைப் பாருங்கள். தாஹா ஹுசைனின் நாவல் அது. கரவான் என்பது இரவில் கூவும் ஒரு பறவை. தாயும் இரண்டு பெண்களும் ஊரை விட்டுத் துரத்தப்படுகிறார்கள். மூத்தவள் ஹனாதி ஓர் எஞ்சினியர் வீட்டில் வேலைக்குப் போய், அவனிடம் ஏமாறுகிறாள். மானம் போயிற்று என்று தாய்மாமன் அவளை வெட்டவெளியில் வைத்துக் கொல்கிறான். குத்துப்பட்டு விழுபவளைத் தாயும் தங்கையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தாயாக வருபவர் அமீனா ரிஸ்க்தான். தங்கை ஆம்னா, அதாவது ஃபாத்தின் ஹமாமா, பழிவாங்குவதற்காக அதே எஞ்சினியர் வீட்டில் வேலைக்காரியாகச் சேருகிறாள். நஞ்சு வைக்கத் துணிந்தவளுக்கு மனம் இடம் கொடுக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவன் மேலேயே மனம் போகிறது. கடைசியில் ஆம்னாவைக் குறிவைத்த மாமனின் குண்டு எஞ்சினியரைக் கொல்கிறது. இதில் மிகை இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் மானம் என்ற பெயரில் ஒரு வீடு தன் பெண்ணையே எப்படித் தின்னும் என்பதை, அந்த வெட்டவெளிக் காட்சியைவிடத் துணிச்சலாக அன்றைய செய்தித்தாள்கள் எழுதியிருக்குமா என்பது சந்தேகமே.

1952இல் மன்னர் ஃபாரூக்கை ராணுவம் ஆட்சியிலிருந்து இறக்கியதும் போஸ்டரில் வில்லன் மாறினான். பாஷா, அதாவது பெரிய நிலப்பிரபு, கெட்டவரானார். 1954இல் யூசுஃப் ஷாஹீன் எடுத்த ‘ஸிராஉ ஃபில் வாதி’ படத்தில், குடியானவர்களின் கரும்பை அழிக்கப் பாஷா வயலுக்குள் தண்ணீரைத் திறந்துவிடுகிறார். அவர் மகளாக ஃபாத்தின் ஹமாமா, கரும்பு விவசாயிகள் பக்கம் நிற்கும் எஞ்சினியராக முதல் படத்தில் உமர் ஷெரீஃப். மறு ஆண்டு இருவரும் மணந்துகொண்டார்கள். 1957இல் வந்த ‘ருத்த கல்பி’ இன்னும் நேரடியானது. தோட்டக்காரன் மகனுக்கும் இளவரசிக்கும் காதல். அவன் ராணுவ அதிகாரியாகிறான், புரட்சி வருகிறது, காதலும் கைகூடுகிறது. ஜூலை 23, புரட்சி நாளன்று எகிப்தியத் தொலைக்காட்சி இதை ஆண்டாண்டாகப் போட்டுக்கொண்டிருந்தது. புரட்சிக்கு முந்தைய பழைய படங்களில் சுவரில் மன்னர் படம் மாட்டியிருந்தால், அந்த இடத்தில் மட்டும் மை பூசி அழித்த பிரதிகளும் உண்டு.

அதே காலத்தில்தான் நமக்கும் கெய்ரோவோடு ஒரு தொடர்பு. 1960இல் அங்கே நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் பட விழாவில் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்துக்காகச் சிவாஜி கணேசன் சிறந்த நடிகர் விருது பெற்றார். உணர்ச்சியை அடக்கி வாசிக்காத நடிப்புக்குக் கெய்ரோவைவிட நல்ல ஊர் கிடைத்திருக்காது.

போஸ்டர் பொய் சொன்ன கதையும் உண்டு. 1958இல் ஷாஹீன் ‘பாப் அல் ஹதீத்’ எடுத்தார். கெய்ரோ ரயில் நிலையத்தில் செய்தித்தாள் விற்கும் நொண்டி கினாவி, குளிர்பானம் விற்கும் ஹனூமா மேல் பித்தாகிக் கத்தியைத் தூக்கும் கதை. ஹனூமாவாக ஹிந்த் ருஸ்தும், அவளை மணக்கப்போகும் போர்ட்டராக ஃபரீத் ஷவ்கி. அந்தக் காலத்தில் ஹிந்த் ருஸ்தும் என்றால் கவர்ச்சி, ஃபரீத் ஷவ்கி என்றால் அடிதடி. அந்த இரண்டு பெயரை நம்பி டிக்கெட் எடுத்தவர்கள் உள்ளே கண்டது, இயக்குநரே நடித்த ஒரு பரிதாபமான, பயங்கரமான ஏழை மனிதனை. கோபப்பட்டார்கள், படம் விழுந்தது. இன்று அரபு சினிமாவின் தலைசிறந்த படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அது இருக்கிறது. ரசிகர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சுவர் ஒன்றைச் சொல்லித் திரை வேறொன்றைக் காட்டினால் காசு கொடுத்தவருக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

மெலோடிராமாவின் கடைசிப் பெரிய கொண்டாட்டம், ஹசன் அல் இமாம் 1972இல் இயக்கிய ‘கல்லி பாலக் மின் ஸூஸூ’. ஸூஸூவாக சுஆத் ஹுஸ்னி. பல்கலைக்கழக மாணவி, ஆனால் தாய் கல்யாண வீடுகளில் ஆடும் நாட்டியக்காரி. அதைப் பெரிய மனிதர் கூட்டத்தில் அம்பலப்படுத்துவதற்காகவே தாயை ஆட அழைக்கிறார்கள். முதிய உடம்போடு ஆடும் தாயைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மகள் எழுந்துபோய்த் தாய்க்குப் பதில் தானே ஆடுகிறாள். அந்தப் படம் கெய்ரோவில் ஓராண்டுக்கு மேல் ஓடியது. மூன்று ஆண்டு கழித்து, விவாகரத்துக்காக நீதிமன்றப் படியேறி ஓய்ந்துபோகும் பெண்ணாக ஃபாத்தின் ஹமாமா நடித்த ‘உரீது ஹல்லன்’ வந்தது. எனக்கு ஒரு தீர்வு வேண்டும் என்பது தலைப்பு. 1979இல் குடும்பச் சட்டம் திருத்தப்பட்டபோது இந்தப் படம் எழுப்பிய விவாதமும் அதற்கு ஒரு காரணம் என்று எகிப்தில் இன்றும் சொல்கிறார்கள். அழுகைப் படம் சும்மா அழவில்லை.

அதன் பிறகு புகைப்படமும் ஆஃப்செட் அச்சும் வந்தன, கணினியும் வந்தது. தூரிகைக்காரர்களுக்கு வேலை போயிற்று. ஒட்டிய போஸ்டர்கள் வெயிலிலும் தூசியிலும் கிழிந்தன. கிடங்குகளில் மடித்துக் கிடந்தவை மட்டுமே தப்பின. கெய்ரோவில் அஸ்பகிய்யாவின் பழைய புத்தகக் கடைகளில் அவை கிலோக் கணக்குக் காகிதமாகக் கிடந்த காலம் போய், இப்போது சேகரிப்பாளர்கள் விலை பேசுகிறார்கள். பெய்ரூத்தில் பதிப்பகம் நடத்தும் அபூதி அபூ ஜௌதே ஆயிரக்கணக்கில் சேர்த்துவைத்திருக்கிறார். அரசு ஆவணக்காப்பகம் செய்திருக்க வேண்டிய வேலை அது.

இந்தப் படங்களில் பலவும் இணையத்தில் தேடினால் கிடைக்கின்றன. ஆங்கிலத் துணைத்தலைப்போடும் சில உண்டு. முதலில் ‘துஆ அல் கரவான்’ பாருங்கள், அடுத்து ‘பாப் அல் ஹதீத்’. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டாம்.